காய்ச்சலுக்குப் பன்றி மீது பழி: அறிவியல் எவ்வளவு, சாதி எவ்வளவு?

மழைக்காலத்தில் காய்ச்சல் பரவத் தொடங்கினால், விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் முதல் சந்தேகம் பன்றிகள் மீது விழுகிறது. அவற்றை வளர்த்துப் பிழைக்கும் காட்டுநாயக்கர், குறவர், தலித் குடும்பங்கள் மீதும் அது உடனே படர்கிறது. இந்தச் சந்தேகத்தில் அறிவியல் எவ்வளவு, சாதி எவ்வளவு என்பதை நாம் பிரித்தறிய வேண்டும்.

பன்றிக்கும் மனிதரின் நோய்க்கும் மெய்யான தொடர்பு இருப்பது ஜப்பானிய மூளைக்காய்ச்சலில். இந்தியாவில் மனிதரிடம் இந்நோய் 1955இல் வேலூரில் முதன்முதலாக அறியப்பட்டது. விழுப்புரமும் திண்டிவனமும் அடங்கிய பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலும் இது நெடுங்காலம் ஆராயப்பட்டது.

இந்த வைரஸ் கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளில் வாழ்கிறது. நெல்வயல் நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு அதைப் பன்றிக்குக் கொண்டுசெல்கிறது. பன்றியின் இரத்தத்தில் வைரஸ் சில நாட்கள் பெருகும். அப்போது அதைக் கடிக்கும் கொசு பின்னர் மனிதருக்கும் கடத்துகிறது. பன்றியைத் தொடுவதாலோ, இறைச்சியைச் சமைத்து உண்பதாலோ இந்நோய் வருவதில்லை. தொற்று ஏற்படுவோரில் ஏறத்தாழ 250 பேருக்கு ஒருவரே கடுமையாக நோயுறுகிறார். அவ்வாறு நோயுற்றோரில் 30 விழுக்காட்டினர் வரை இறக்கக்கூடும்.

பறவை, வயல், கொசு, பன்றி என நான்கு கண்ணிகள் கொண்ட இச்சங்கிலியில் தண்டிக்கப்படுவது பன்றி மட்டுமே. நெல்வயலை யாரும் குற்றம் சொல்வதில்லை; அது நிலவுடைமையாளரின் சொத்து.

நோயின் காரணத்தைத் தவறாகக் கணித்தால் அதன் விலை உயிர். 1998இல் மலேசியாவின் பன்றிப் பண்ணைகளில் பரவிய காய்ச்சலை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதிக் கொசு மருந்து அடித்தனர்; தடுப்பூசியும் போட்டனர். பன்றியிடமிருந்து நேரடியாகத் தொற்றும் நிபா வைரஸே காரணம் என 1999இல் தெரிவதற்குள் பலர் மாண்டனர். இறந்த 105 பேரில் பெரும்பாலோர் பன்றிகளோடு உழைத்தவர்கள். கோரக்பூர் பகுதியிலோ இதற்கு நேர்மாறு. ஜப்பானிய மூளைக்காய்ச்சலே அங்கு முதன்மைக் காரணமாகக் கருதப்பட்டுவந்தது. பிற்கால ஆய்வுகளில் பல குழந்தைகளின் நோய்க்கு உண்ணிக்காய்ச்சல் காரணம் எனத் தெரிந்தது. அதற்கும் பன்றிக்கும் தொடர்பில்லை. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் எளிய மருந்தில் குணமாகும்.

பழியை அரசே ஏந்தினால் என்னவாகும் என்பதை எகிப்து காட்டியது. 2009இல் பன்றிக்காய்ச்சல் மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவிய நிலையிலும், அந்நாட்டு அரசு ஏறத்தாழ 3 லட்சம் பன்றிகளைக் கொல்ல உத்தரவிட்டது. அவை கெய்ரோவின் குப்பை சேகரிக்கும் சிறுபான்மைக் கிறித்தவர்களுடையவை. அவர்கள் பிழைப்பை இழந்தனர். பன்றிகள் தின்றுவந்த உணவுக்கழிவு தெருக்களில் குவிந்தது.

எனவே பன்றிகளை அகற்றும் ஆணை வந்தால் நாம் கேட்கவேண்டியவை: எந்த நோய்? எந்தப் பரிசோதனை அதை உறுதிசெய்தது? வாழ்வாதாரம் இழப்போருக்கு இழப்பீடு எவ்வளவு? 9 மாதத்திலும் 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் போடவேண்டிய இரு தவணைத் தடுப்பூசி நம் சேரிக் குழந்தைகளுக்குக் கிடைத்ததா? குடியிருப்புக்குத் தள்ளிக் கொட்டில் அமைக்க நிலம் ஒதுக்கப்பட்டதா? பன்றிக்கு மிக அருகில் வாழ்பவர்களே நோய்க்கும் முதலில் இலக்காகிறார்கள். அவர்களுக்குத் தேவை பாதுகாப்பு. விரட்டுவது பொதுச் சுகாதாரம் ஆகாது.