காவல் நிலையத்தில் முதல் 24 மணி நேரம்

ஒருவரைப் போலீஸார் விசாரணைக்கு அழைத்துச் செல்கிறார்கள். மறுநாள் அவர் கையில் மாவுக்கட்டு. கேட்டால், ‘கழிவறையில் வழுக்கி விழுந்துவிட்டார்’ என்கிறார்கள். அந்தப் படத்தைப் பகிர்ந்து மகிழ்கிறவர்களும் நம்மிடையே உண்டு. ஆனால் ஒருவர் குற்றவாளியா என்று தீர்மானிப்பதும் தண்டனை கொடுப்பதும் நீதிமன்றத்தின் வேலை. லத்திக்கு அந்த அதிகாரம் கிடையாது.

சட்டம் சொல்வது என்ன?

குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43ஆம் பிரிவுப்படி, கைதாகிறவர் எதிர்த்தாலோ தப்ப முயன்றாலோ அவரைப் பிடிக்கத் தேவையான அளவுக்குப் பலத்தைப் பயன்படுத்தலாம். அடங்கிவிட்டவரை அடிக்க எந்தப் பிரிவிலும் இடமில்லை. வாக்குமூலம் வாங்குவதற்காக அடித்துக் காயப்படுத்தினால் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 120ஆம் பிரிவின் கீழ் 7 ஆண்டு வரை சிறை. கொடுங்காயம் என்றால் 10 ஆண்டு வரை.

போலீஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. ஆனால் அதன் மூலம் ஒரு பொருள் கிடைத்தால், அந்தப் பொருளுக்கு வழிகாட்டிய பகுதி மட்டும் சாட்சியமாகும். திருட்டு வழக்குகளில் ‘நகை எங்கே’ என்று கேட்டு அடிப்பது ஓயாததற்கு இந்த விதிவிலக்கும் ஒரு காரணம்.

சாத்தான்குளம் காட்டியது

2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி, தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்ட இருவரும் சில நாட்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், காவல் நிலையத்தின் கேமராப் பதிவைத் தேடினார். ஹார்ட் டிஸ்கில் 1 டெராபைட் இடம் இருந்தது. ஆனால் அன்றாடப் பதிவு தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது. லத்தியிலும் மேசையிலும் ரத்தம் இருந்ததென்று அங்கே பணிபுரிந்த பெண் தலைமைக் காவலர் துணிந்து சாட்சி சொன்னார். பிறகு வழக்கு சி.பி.ஐ.யிடம் போனது.

அதே ஆண்டு டிசம்பரில், எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு பதிவாகும் கேமராக்கள் வேண்டும், பதிவுகளை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

காவல் சித்திரவதை வழக்குகள் பெரும்பாலும் சாட்சியம் இல்லாமல்தான் சாகின்றன. அந்தச் சாட்சியம் உருவாவது முதல் நாளில்.

கைதுக் குறிப்பாணையைக் கேளுங்கள். அதில் நேரமும் தேதியும் இருக்க வேண்டும். குடும்பத்தினரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதுக்கான காரணத்தைக் கைதானவரிடமும், அவர் வைக்கப்பட்டிருக்கும் இடத்தை உறவினரிடமும் போலீஸார் சொல்லியாக வேண்டும். விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கவும் உரிமை உண்டு. ஆனால் விசாரணை முழுவதும் அவர் உடனிருக்க முடியாது. இவற்றில் பெரும்பாலானவை 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகள்; இன்று சட்டமாகவே இருக்கின்றன.

கைதானவரை அரசு மருத்துவர் பரிசோதித்து, காயங்களையும் அவை ஏற்பட்டிருக்கக்கூடிய நேரத்தையும் எழுத வேண்டும். அந்த அறிக்கையின் நகல் உங்கள் உரிமை.

பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். அடித்திருந்தால் சொல்ல வேண்டிய இடம் அதுதான். ரிமாண்டுக்கு முன் சட்டையைக் கழற்றிக் காயத்தைக் காட்டச் சொல்லுங்கள்; அது நடுவரின் பதிவில் ஏறட்டும். கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கக் கோரி அன்றே எழுத்தில் மனுக் கொடுங்கள். மனித உரிமை ஆணையத்தில் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் புகார் செய்ய வேண்டும்.

காவலில் மரணம் நேர்ந்தால் போலீஸ் விசாரணையோடு நீதித்துறை நடுவர் விசாரணையும் கட்டாயம். தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு 24 மணி நேரத்தில் தகவல் போக வேண்டும்.

இத்தனை இருந்தும் ஒரு குறை தீரவில்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்திட்ட இந்தியா, இன்றுவரை அதற்கு ஏற்புறுதி தரவில்லை. சித்திரவதையைத் தடுக்கத் தனிச் சட்டமும் இல்லை. அந்தச் சட்டத்தை நம் பிரதிநிதிகளிடம் கேட்போம். அடுத்த மாவுக்கட்டுப் படம் கைப்பேசிக்கு வரும்போது, அதைப் பகிராமல் ‘கைதுக் குறிப்பாணை எங்கே?’ என்று கேட்போம்.