மறதி நோயும் பேருந்துப் பயணமும்

வயதானால் மறதி இயல்பு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் பெற்ற மகனையே "யாரு தம்பி நீ?" என்று கேட்கும் மறதி முதுமையின் இயல்பன்று, அது மூளையைப் பற்றும் நோய். ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் இதன் ஒரு வகையை 1906ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். நம் நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்களுள் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் டிமென்ஷியா என்னும் இந்நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது.

இந்நோயின் ஒரு பகுதியைப் பற்றி மட்டும் எவரும் வாய் திறப்பதில்லை. அது சிறுநீரை அடக்க இயலாமை. இந்தக் கூச்சத்தினாலேயே எத்தனையோ பெரியவர்கள் திருமணத்திற்கும் கோயிலுக்கும், ஏன், மருத்துவமனைக்கும்கூட அழைத்துச் செல்லப்படாமல் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கிறார்கள். எங்கள் ஆயாவை நெய்வேலியிலிருந்து புதுவை ஜிப்மருக்குப் பேருந்தில் அழைத்துச் சென்று வரும் அனுபவத்தால் இதனை எழுதத் துணிந்தேன்.

சிறுநீர்ப்பை ஓரளவு நிரம்பியதுமே மூளைக்குச் செய்தி போகிறது. "பொறு, இது இடமல்ல" என்று அடக்கி வைப்பது மூளையின் முன்பகுதி. அது நலிந்தால் அடக்கும் கட்டளை பிறப்பதில்லை. பிறந்தாலும் கழிப்பறை எது, புடவையை எப்படி விலக்குவது என்பவை நினைவிலிருப்பதில்லை. "வேண்டுமென்றே செய்யுது கிழவி" என்று கடிந்துகொள்வது எவ்வளவு கொடுமை!

பயண நாளில் பலரும் முதலில் நிறுத்துவது தண்ணீரை. இது தவறு. நீர் குறைந்தால் சிறுநீர் செறிந்து பையை உறுத்தும்; மலச்சிக்கலும் சேரும்; குழப்பமும் மிகும். நீர் பிரிய மாத்திரை உண்பவராயின், அன்று அதை எப்போது கொடுப்பது என்று மருத்துவரை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். அடக்கும் நிலை திடீரென்று மோசமானால் கிருமித் தொற்றாகவும் இருக்கலாம். அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

எங்களுக்குக் கைகொடுத்தது கடிகாரம்தான். புறப்படுமுன் ஒருமுறை, வடலூர், குறிஞ்சிப்பாடி வழியே போய்க் கடலூர் நிலையத்தில் இறங்கி மறுமுறை, பிறகு அடுத்த பேருந்து. நேர்ப் பேருந்தைவிட நேரம் கூடும், கூடட்டும். "ஒண்ணுக்கு வருதா?" என்று கேட்டால் ஆயாவின் விடை எப்போதும் "இல்லை"தான். ஆகவே அம்மா கேட்பதேயில்லை. "அத்தே, வாங்க, கை கழுவிட்டு வந்துடலாம்" என்று கைபிடித்து அழைத்துப் போய்விடுவார். ஆயா புடவையைப் பிசைந்தாலோ, எழ எழ முயன்றாலோ அதுவே அறிகுறி.

பெரியவர்களுக்கான டயாப்பரும் உதவும். அதனுள் இருப்பது சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் வெண்துகள். தூய நீரைத் தன் எடையைப்போல் சில நூறு மடங்கு உறிஞ்சும். உப்பு நீரை அதில் சிறு பங்கே. சிறுநீரில் உப்பு உண்டு என்பதை மறக்கலாகாது! (துகள் ஊறிய கூழில் சிறிது உப்பைத் தூவிப் பாருங்கள், கூழ் தளர்ந்து நீர் பிரியும்.) எனவே ஒன்றை மாட்டிவிட்டு நாள் முழுதும் நம்பியிருக்க முடியாது. மலம் கழித்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். இல்லையேல் தோல் புண்ணாகும். பையில் மாற்றுப் புடவை, பாவாடை, பழந்துணி, இருக்கையில் விரிக்க ரப்பர் ஷீட், கட்டி வைக்க உறை ஆகியன இருந்தால் போதும்.

அப்பா மட்டும் அழைத்துச் செல்லும் நாள்தான் கடினம். பெண்கள் கழிப்பறைக்குள் அவர் நுழைய இயலாது. வாயிலில் காசு வாங்கும் அம்மையாரிடம், "எங்கம்மாவுக்கு ஞாபகம் இல்லீங்க, கொஞ்சம் கூடப் போங்க" என்பார். இதுவரை ஒருவரும் மறுத்ததில்லை. உள்ளே தாழிட வேண்டாம் என்பதை மட்டும் மறவாமல் சொல்லிவிடுவார்.