காட்டு வழிப் பிரயாணமும் துப்பாக்கி லைசென்ஸும்

யானை, காட்டெருமை, கரடி, சிறுத்தை முதலியவை சஞ்சரிக்கும் மலையடிவாரக் கிராமங்களில், பயிர்ப் பாதுகாப்பின் நிமித்தம் துப்பாக்கி லைசென்ஸ் பெற்ற அங்கத்தினர்கள் இருக்கின்றனர். லைசென்ஸ் கையிலிருந்தால் எந்தக் காட்டு வழியிலும் துப்பாக்கியை உடன்கொண்டு போகலாமென்றும், மிருகம் எதிர்ப்பட்டால் சுடலாமென்றும் அவர்களிற் சிலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணத்தில் பாதி சரியானது. தவறான மற்றொரு பாதியோ ஒரு குடும்பத்தின் ஜீவனத்தையே குலைக்கக்கூடியது. ஆகையால் சட்டம் கூறுவதை இங்கு விளக்குவோம்.

துப்பாக்கி வைத்திருப்பதை ஆளும் சட்டம் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டமாகும். அதற்கு முன் 1878-ஆம் வருஷத்துச் சட்டம் அமலில் இருந்தது. வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காகக் கேட்பவருக்கு லைசென்ஸ் வழங்க இச்சட்டத்தில் தனி இடமுண்டு. மனுதாரருக்கு 21 வயது பூர்த்தியாகியிருக்கவேண்டும். 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தின்பின் லைசென்ஸின் காலம் மூன்று வருஷத்திலிருந்து ஐந்து வருஷமாக உயர்ந்தது. காலம் நீண்டதால் புதுப்பிக்கும் தேதி மறந்துபோவதும் எளிதாயிற்று. காலங்கடந்த லைசென்ஸோடு துப்பாக்கி வைத்திருப்பவர், லைசென்ஸே இல்லாதவரின் நிலையில்தான் நிற்பார். அக்குற்றத்துக்கு இரண்டு வருஷத்துக்குக் குறையாத சிறைத்தண்டனை அதே திருத்தத்தால் விதிக்கப்பட்டிருக்கிறது.

பிரயாணத்துக்குப் புறப்படுமுன் லைசென்ஸில் பார்க்கவேண்டியது, அது செல்லுபடியாகும் எல்லை. தமிழ்நாட்டுக்கு மட்டுமென்று எழுதியிருந்தால், திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஆசனூரைத் தாண்டிக் கர்நாடக எல்லைக்குள் துப்பாக்கியுடன் பிரவேசித்தவர், லைசென்ஸ் இருந்தும் குற்றவாளியே ஆவார். அவசியமிருப்பின் எல்லையை விஸ்தரிக்கும்படி லைசென்ஸ் அதிகாரிக்கு முன்கூட்டியே மனுச்செய்துகொள்ளவேண்டும். குடகு நாட்டாருக்கு லைசென்ஸ் வேண்டியதில்லையே என்று சிலர் வாதிப்பதுண்டு. குடகர்களுக்கும் ஜம்மா நிலக்காரர்களுக்கும் பழைய நாளிலிருந்து வரும் விலக்கு அது; 2019-இல் மீண்டும் பத்து வருஷத்துக்கு நீட்டிக்கப்பட்டது. அதைக் காட்டி நாம் தப்ப முடியாது.

வழியில் துப்பாக்கியைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு கடைவீதியில் நடப்பதற்கும் அனுமதியில்லை. பொது இடங்களில் அதை உறையிலிட்டு, முழுவதும் மூடி, தன் வசத்திலேயே கொண்டுசெல்லவேண்டுமென்பது 2016-ஆம் வருஷத்து விதி. மருந்து கெட்டித்த துப்பாக்கியோடு வண்டியில் ஏறுவது உடன்வருபவரின் உயிரோடு விளையாடுவதாகும். லைசென்ஸ்தாரர் அல்லாத ஒருவர் துப்பாக்கியை எடுத்துச்செல்வதாயின், லைசென்ஸ்தாரர் கூடவே இருக்கவேண்டும், அல்லது அவரது எழுத்துமூலமான அதிகாரம் கையிலிருக்கவேண்டும். அதுவும் பழுதுபார்க்கவோ, லைசென்ஸைப் புதுப்பிக்கவோ, லைசென்ஸ்தாரரின் உபயோகத்துக்காகவோ மட்டுமே. மைத்துனருக்கு இரவல் கொடுப்பது இதில் அடங்காது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். வன விலங்குகளைப் பாதுகாக்க 1972-இல் ஏற்பட்ட மத்திய சட்டத்தின் 27-ஆவது பிரிவு, அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் நுழைவதைத் தடுக்கிறது. ஆனால் பொது நெடுஞ்சாலை வழியே கடந்துபோகிறவருக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே 1940-இலேயே சரணாலயமாக ஏற்பட்ட முதுமலையின் வழியாக மைசூருக்குப் போகிறவர் எவரிடமும் சீட்டு வாங்கவேண்டியதில்லை. 31-ஆவது பிரிவோ, தலைமை வன உயிரினக் காப்பாளரின் அல்லது அவரால் அதிகாரம் பெற்ற உத்தியோகஸ்தரின் எழுத்துமூலமான முன் அனுமதியின்றி எந்த ஆயுதத்துடனும் சரணாலயத்துக்குள் நுழையக்கூடாதென்கிறது. நெடுஞ்சாலைக்காரருக்கு விலக்கென்ற வாசகம் இப்பிரிவில் கிடையாது. பாதை ஆளுக்குத் திறந்திருக்கிறது, துப்பாக்கிக்குத் திறந்திருக்கவில்லை. கலெக்டர் அளித்த லைசென்ஸ் இவ்வனுமதிக்கு ஈடாகாது. ஆயுதம் என்ற சொல்லிலும் துப்பாக்கி மாத்திரமன்றி, தோட்டா, வெடி, வில், கத்தி, வலை, கண்ணி, விஷம் யாவும் அடங்கும். பன்றிக்கு வெடி வைத்துப் பழகியவர்கள் இதை ஊன்றிக் கவனிப்பது நலம்.

எனவே ஊட்டியிலிருந்து கூடலூருக்குத் துப்பாக்கியுடன் செல்லவேண்டியவர், கல்லட்டி, மசினகுடி, தெப்பக்காடு வழியே முதுமலைக்குள் புகாமல் நடுவட்டம் வழியைத் தேர்ந்துகொள்வது விவேகம். அங்கும் எல்லைகள் எவ்விடமென்பதை ரேஞ்சர் ஆபீஸில் கேட்டறிந்தபின் புறப்படவேண்டும். வேறு வழியே இல்லையெனில் அனுமதிக்கு மனுச்செய்யவேண்டும். இல்லாவிடில் பாதுகாத்து வைக்க லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடம் துப்பாக்கியை ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொண்டு போகவேண்டும்.

யானை துரத்தினால் உயிரை விடுவதா என்று கேட்பீர்கள். தன்னையோ பிறரையோ காக்க நல்லெண்ணத்துடன் மிருகத்தைக் கொன்றாலும் காயப்படுத்தினாலும் குற்றமில்லை என்று 11-ஆவது பிரிவு தெளிவாகக் கூறுகிறது. ஆனால் அச்சமயம் அவர் இச்சட்டத்துக்கு விரோதமான காரியமொன்றைச் செய்துகொண்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு அவருக்கு இல்லை என்றும் அதே பிரிவு கூறுகிறது. அனுமதியின்றித் துப்பாக்கியுடன் சரணாலயத்துக்குள் இருப்பதே விரோதமான காரியமாதலால், அங்கே தற்காப்புக்காகச் சுட்டேன் என்ற சமாதானம் செல்லாது போகும். யானை, காட்டெருமை, புலி, சிறுத்தை, கரடி யாவும் முதல் அட்டவணையில் உள்ளவை. அவற்றைக் கொன்ற குற்றத்துக்கு மூன்று முதல் ஏழு வருஷம்வரை சிறைவாசம் உண்டு. தண்டிக்கப்பட்டவரின் ஆயுத லைசென்ஸை ரத்துசெய்யவும் கோர்ட்டுக்கு அதிகாரமுண்டு. அப்படி ரத்தானால் ஐந்து வருஷத்துக்கு வேறு லைசென்ஸும் கிடையாது. சட்டத்துக்குட்பட்ட இடத்தில் நியாயமாகவே சுட நேர்ந்தாலும், விழுந்த மிருகம் சர்க்காரின் சொத்து. கொம்பையோ நகத்தையோ தொடாமல் உடனே ரேஞ்சருக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் தெரிவிக்கவேண்டும்.

சட்டத்தை ஒருபுறம் வைத்துப் பார்த்தாலும், பயிர்க்காவலுக்கு வைத்த நாட்டுத் துப்பாக்கி யானையை நிறுத்தாது. சிறு குண்டுகள் அதன் தோலில் புண்ணை உண்டாக்கிக் கோபத்தை மூட்டும். மறுமுறை கெட்டிக்க அவகாசமும் இராது. வண்டியை விட்டு இறங்காமலும், கூட்டத்தினூடே புகாமலும், குட்டியுடன் வரும் யானைக்குத் தூரத்திலேயே நின்று வழிவிட்டும், இருட்டுமுன் காட்டைக் கடந்தும் போகிறவருக்கே அபாயம் குறைவு.

சரணாலயத்துக்குள்ளோ, அதிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்ளோ வசிக்கும் லைசென்ஸ்தாரர் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். அப்பிரதேசம் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட மூன்று மாதத்துக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் தம் பெயரைப் பதிவுசெய்ய மனுச்செய்திருக்கவேண்டும் என்பது 34-ஆவது பிரிவு. அவ்வெல்லைக்குள் புதிய லைசென்ஸ் வழங்கவும் அவருடைய முன் சம்மதம் வேண்டும். தகப்பனார் காலத்துத் துப்பாக்கியைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள நினைப்பவர், தம் கிராமம் இந்தப் பத்து கிலோமீட்டருக்குள் வருகிறதா என்று ரேஞ்சர் ஆபீஸில் விசாரித்தறிந்த பிறகே கலெக்டர் ஆபீஸுக்குப் போவது அலைச்சலைக் குறைக்கும்.