கோஸ்டாரிகா, ரெண்டு பேர், எட்டு இரவு: ஆறு ஊரை ரெண்டாக் குறைக்கிற கதை

இந்த வாரம் கோடிங் பத்தி ஒரு வார்த்தைகூட கிடையாது. முழுக்க முழுக்க கோஸ்டாரிகா.

டல்லாஸ்ல இருக்குற ஒரு ஜோடி மெயில் அனுப்பியிருந்தாங்க. கல்யாணம் ஆகி முதல் வருஷம். ரெண்டு பேருக்கும் சேர்ந்தாப்ல லீவு கிடைச்சது அக்டோபர்ல எட்டு இரவுதான். அவங்களுக்கு எரிமலை பாக்கணும், காட்டுல நடக்கணும். அவருக்கு கடற்கரையில படுத்துக் கிடக்கணும். கூடவே ஒரு ஷீட்டும் இருந்துச்சு: சான் ஹோசே ஒரு இரவு, லா ஃபோர்ட்டூனா ரெண்டு, மான்டேவெர்டே ஒண்ணு, மனுவேல் அன்டோனியோ ரெண்டு, டோர்டுகேரோ ஒண்ணு, புவேர்ட்டோ வியெஹோ ஒண்ணு. கேள்வி என்னன்னா, "இதுல எதையாவது மிஸ் பண்றோமா?"

என் பதில்: இதுல நாலு ஊரை மிஸ் பண்ணுங்க. ஏன்னு விளக்கத்தான் இந்த எபிசோடு.

மேப்பைப் பார்த்தா யாருக்கும் இந்த ஷீட் தப்பாத் தெரியாது. கோஸ்டாரிகாவோட பரப்பளவு சுமார் 51,100 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டுல பாதிகூட இல்ல. "சின்ன நாடுதானே, எல்லாத்தையும் பாத்துடலாம்"னு தோணும். ஆனா நாட்டோட நடுவுல வடமேற்கிலிருந்து தென்கிழக்கு வரை மலைத்தொடர் நீளமா ஓடுது. இந்த மலைதான் ரெண்டு விஷயத்தைத் தீர்மானிக்குது: நீங்க எவ்வளவு நேரம் வண்டியில உட்காருவீங்க, உங்க மேல எப்போ மழை பெய்யும்.

முதல்ல வண்டி. லா ஃபோர்ட்டூனாவுக்கும் மான்டேவெர்டேக்கும் நடுவுல நேர்கோட்டுல அளந்தா முப்பது கிலோமீட்டர்கூட இல்ல. ஆனா குறுக்கே ரோடு கிடையாது. அரெனால் ஏரியைச் சுத்திட்டு, அப்புறம் மலை ஏறணும். மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும். ஏரியைப் படகுல கடந்து ரெண்டு பக்கமும் வேன்ல போற ஒரு வழி இருக்கு, காட்சி அழகு, ஆனா அதுவும் கிட்டத்தட்ட மூணு மணி நேரம்தான். டோர்டுகேரோவுக்கு ரோடே கிடையாது. லா பவோனாங்கிற படகுத்துறை வரைக்கும் வண்டி, அதுக்கப்புறம் ஆத்துல படகு. இல்லன்னா குட்டி விமானம். மனுவேல் அன்டோனியோ பசிபிக் பக்கம், டோர்டுகேரோ கரீபியன் பக்கம். ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குப் போறதுன்னா ஒரு முழு நாளை வழியிலேயே விட்டுடணும்.

ஷீட்ல யாரும் போடாத செலவு ஒண்ணு இருக்கு. ஹோட்டல் மாறுற செலவு. காலையில பெட்டி கட்டணும், 11 மணிக்கு செக்-அவுட், நாலஞ்சு மணி நேரம் ரோடு, சாயங்காலம் செக்-இன், ஈரத் துணியைக் காயப்போட இடம் தேடணும். எட்டு இரவுன்னா நடுவுல முழுசாக் கிடைக்கிறது ஏழு பகல்தான். ஆறு ஊர்னா அஞ்சு தடவை மாறணும். அப்போ ஏழு பகல்ல அஞ்சு இப்படியே போயிடும்.

இதுல இன்னொரு சிக்கல், இருட்டு. சான் ஹோசேயும் நம்ம மதுரையும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை, ரெண்டுமே 9.9 டிகிரி வடக்கு. அதனால பகலோட நீளம் மதுரை மாதிரிதான், வருஷம் பூரா பெருசா மாறாது. ஆனா அவங்க கடிகாரம் சூரியனைவிடக் கொஞ்சம் பின்தங்கி ஓடுது. விளைவு, காலையில அஞ்சரைக்கே நல்ல வெளிச்சம், அக்டோபர்ல சாயங்காலம் அஞ்சரைக்குள்ள சூரியன் மறைஞ்சிடும். டல்லாஸ் கோடைகாலத்துல எட்டரை மணி வரைக்கும் வெளிச்சம் பார்த்துப் பழகினவங்களுக்கு இது ஒரு ஷாக். மலைரோட்டுல தெருவிளக்கு கிடையாது, ஓரத்துல ஒதுங்க இடமும் பல இடத்துல கிடையாது, மழை, பனிமூட்டம் வேற. அதனால மதியம் ரெண்டு மணிக்கு மேல புது ஊருக்குக் கிளம்புற மாதிரி எந்தத் திட்டமும் வேண்டாம்.

இப்போ மழை. எனக்கு இந்த நாட்டுல ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான், ஏன்னா இது நமக்குத் தெரிஞ்ச கதை. ஜூன், ஜூலையில கேரளாவுல கொட்டுது, மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தா தூத்துக்குடியில புழுதி பறக்குது. அக்டோபர், நவம்பர்ல காற்று திசை மாறி நமக்கு மழை. மேற்குத் தொடர்ச்சி மலை பண்ற அதே வேலையைத்தான் கோஸ்டாரிகாவோட மலைத்தொடரும் பண்ணுது. டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரை வடகிழக்குல இருந்து வணிகக் காற்று வலுவா வீசும். கரீபியன் கடல்ல அள்ளின ஈரத்தை மலையோட அந்தப் பக்கமே கொட்டிடும். பசிபிக் பக்கம் காய்ஞ்சு கிடக்கும். இதைத்தான் அந்த ஊர்ல கோடைன்னு சொல்றாங்க. செப்டம்பர், அக்டோபர்ல அந்தக் காற்று தளர்ந்துடும். பசிபிக்ல இருந்து ஈரக்காற்று ஏறி, பசிபிக் கரையில கொட்டித் தீர்க்கும். அதே ரெண்டு மாசம் கரீபியன் கரையோட தெற்குப் பகுதியில மழை குறையும், கடலும் அமைதியா இருக்கும்.

இணையத்துல பெரும்பாலான கட்டுரைங்க "மழைக்காலம் மே முதல் நவம்பர் வரை"ன்னு ஒரே வரியில முடிச்சிடும். அது பசிபிக் பக்கத்தோட கதை. அதை மட்டும் படிச்சிட்டு அக்டோபர்ல மனுவேல் அன்டோனியோவுல ரெண்டு இரவு போட்டா, வருஷத்துலயே மழை அதிகமா இருக்குற நேரத்துல பீச்சுக்குப் போறீங்கன்னு அர்த்தம். அவர் ஆசைப்பட்ட கடற்கரை, ஜன்னல் வழியா மட்டும் தெரியலாம்.

அதனால அக்டோபருக்கு என் திட்டம் இது: முதல் இரவு அலாஹுவேலா, மூணு இரவு லா ஃபோர்ட்டூனா, மூணு இரவு புவேர்ட்டோ வியெஹோ அல்லது பக்கத்துல இருக்குற கவீட்டா, கடைசி இரவு திரும்ப அலாஹுவேலா. எட்டு முடிஞ்சது.

அலாஹுவேலா ஏன்? சான் ஹோசே விமான நிலையம்னு நாம சொல்றது உண்மையில அலாஹுவேலாவுலதான் இருக்கு. நடுநகரத்து ட்ராஃபிக்ல சிக்காம அங்கேயே தூங்கிட்டு காலையில கிளம்பலாம். கடைசி இரவுக்கும் ஒரு காரணம் உண்டு. கரீபியன் பக்கத்துல இருந்து தலைநகருக்கு வர்ற 32-ஆம் நெடுஞ்சாலை பிராவ்லியோ கரியோ தேசியப் பூங்கா வழியா மலை ஏறுது. நல்ல மழை பெய்ஞ்சா மண்சரிவு வந்து ரோட்டை மூடுறது அங்க வழக்கம். ஃப்ளைட் இருக்குற அன்னிக்கே அந்த ரோட்டை நம்பாதீங்க.

லா ஃபோர்ட்டூனாவுல அவங்களுக்கான எரிமலை இருக்கு. ஒரு எச்சரிக்கை: சிவப்பா லாவா வழியுற ராத்திரி போட்டோ எல்லாம் பழசு. அரெனால் 1968 ஜூலை 29-ல வெடிச்சு, 2010 வரைக்கும் விடாம கக்கிட்டு இருந்துச்சு. இப்போ அமைதி. உச்சிக்கு ஏற அனுமதி கிடையாது. பல நாள் மேகம் மூடி மலையே தெரியாது. ஆனா அடிவாரத்துல பழைய லாவா கல் மேல நடக்கலாம், காட்டுக்கு மேல தொங்கு பாலங்கள் இருக்கு, பூமிச்சூட்டுல சுடுதண்ணியா ஓடுற ஆறு இருக்கு. சாயங்கால மழையில அந்தச் சுடுதண்ணியில உட்காருறதுக்கு அக்டோபர் ஒண்ணும் மோசமான மாசம் இல்ல. காட்டு நடைக்கு ஒரு தடவையாவது கைடு வைங்க. டெலஸ்கோப்போட வருவாங்க. நீங்க பத்து நிமிஷம் பார்த்தும் இலைக்கொத்துன்னு நினைச்ச ஒண்ணை, அவங்க ஸ்லாத்னு காட்டுவாங்க.

அங்க இருந்து ரியோ செலெஸ்டேங்கிற நீல ஆத்துக்கு ஒரு நாள் பயணம் போவாங்க. நிறமே இல்லாத ரெண்டு ஓடை சேர்ற இடத்துல தண்ணி திடீர்னு நீலமாகுது. சாயம் எதுவும் இல்ல. தண்ணியில மிதக்குற நுண்ணிய கனிமத் துகள்கள் ஒளியைச் சிதறடிக்கிற விதம்தான் காரணம். ஆனா பலத்த மழைக்கு அப்புறம் அது செம்மண் நிறத்துல ஓடும். அக்டோபர்ல முன்கூட்டியே பணம் கட்டிடாதீங்க. அங்க போய், முந்தின நாள் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

மான்டேவெர்டேயை வெட்டினதுல எனக்கே வருத்தம்தான். கோஸ்டாரிகா 1948-ல ராணுவத்தைக் கலைச்ச நாடு. அமெரிக்காவோட அலபாமாவுல இருந்து, போருக்குப் போக மறுத்த க்வேக்கர் குடும்பங்கள் 1951-ல அந்த மலைக்கு வந்து குடியேறி, பால் பண்ணை வெச்சு, தண்ணி வர்ற காட்டை மட்டும் வெட்டாம விட்டாங்க. இன்னிக்கு நாம பாக்குற மேகக்காடு அப்படித் தப்பிச்சது. போறதா இருந்தா ரெண்டு இரவாவது குடுத்துப் போங்க. ஒரு இரவுக்காக ரெண்டு நாள் வண்டியில உட்கார வேண்டாம்.

லா ஃபோர்ட்டூனாவுல இருந்து புவேர்ட்டோ வியெஹோ நீண்ட தூரம், அஞ்சு மணி நேரம் ஒதுக்குங்க. இந்த ஒரு பயணத்தைத்தான் நான் முழு மனசோட ஏத்துக்கிறேன், ஏன்னா மறுமுனையில வேற ஒரு நாடே இருக்கு. ரயில் பாதை போட ஜமைக்காவுல இருந்து வந்தவங்களோட சந்ததி வாழுற கரை அது. அவங்க அரிசியையும் பயறையும் தேங்காய்ப்பால்ல வேக வெச்சுச் சாப்பிடுறாங்க. முதல் வாயிலேயே வீட்டு ஞாபகம் வரும். கவீட்டா தேசியப் பூங்காவுல ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காடு, நடுவுல நடைபாதை. ஊர்ப்பக்க வாசல்ல நுழைவுக்கு நன்கொடைதான். அங்க பவளப்பாறை இருக்கு. அதைப் பாக்க கைடு கட்டாயம், தண்ணி தெளிவா இருக்குறது இந்த செப்டம்பர், அக்டோபர்லதான். அவங்களுக்குக் காடு, அவருக்குக் கடல், ஒரே இடத்துல.

ஒண்ணு சொல்லியே ஆகணும். கோஸ்டாரிகாவோட பெரும்பாலான கடற்கரையில உயிர்காக்கும் காவலர் கிடையாது. உள்ளே இழுக்குற நீரோட்டம் ரெண்டு கரையிலும் உண்டு. மாட்டினா கரையை நோக்கி நீந்தாம, கரைக்கு இணையா நீந்தி அந்த இழுப்புல இருந்து வெளிய வரணும். இறங்குறதுக்கு முன்னாடி உள்ளூர்க்காரங்க எங்க குளிக்கிறாங்கன்னு பாருங்க. யாருமே இல்லன்னா நீங்களும் இறங்காதீங்க.

ஜனவரியில இருந்து ஏப்ரலுக்குள்ள போறவங்க இதை அப்படியே திருப்பிப் போடலாம்: லா ஃபோர்ட்டூனா, அப்புறம் மனுவேல் அன்டோனியோ. பூங்காவுக்கு டிக்கெட் ஆன்லைன்ல மட்டும்தான், நேரம் குறிச்சு வாங்கணும், செவ்வாய்க்கிழமை மூடல். குவானகாஸ்டே கடற்கரைன்னா லிபேரியா விமான நிலையத்துலயே இறங்கிடலாம். (அது கோஸ்டாரிகாவுல இருக்குற லிபேரியா. ஆப்பிரிக்க நாட்டுக்கு டிக்கெட் போட்டுடாதீங்க.)

கார் எடுக்கலாமா? ஆன்லைன்ல ஒரு நாளைக்கு பத்து டாலர்னு காட்டும். அதுல அந்த நாட்டோட கட்டாய மூன்றாம் நபர் காப்பீடு சேர்ந்திருக்காது, உங்க கிரெடிட் கார்டு காப்பீடும் அதை ஈடு செய்யாது. கவுன்டர்ல போனதும் தொகை பல மடங்காகும். இந்த ரெண்டு ஊர் திட்டத்துக்கு ஷட்டில் வேன் போதும். லா ஃபோர்ட்டூனாவுல டூர்காரங்களே ஹோட்டலுக்கு வந்து ஏத்திக்குவாங்க, புவேர்ட்டோ வியெஹோவுல வாடகை சைக்கிள். முக்கியமா, மழையில ஒருத்தர் ஓட்ட, இன்னொருத்தர் மேப் பாக்க, ரெண்டு பேரும் சண்டை போடுற மூணு மணி நேரம் மிச்சம்.

டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஒரு விஷயம், இதுல கவனக்குறைவா இருந்தா வேலைக்கே சிக்கல். இந்திய பாஸ்போர்ட்டுக்கு கோஸ்டாரிகா விசா தேவை. ஆனா செல்லுபடியாகிற அமெரிக்க மல்டிபிள் என்ட்ரி விசா பாஸ்போர்ட்ல ஸ்டாம்ப் ஆகியிருந்தா தனியா விசா வேண்டாம். எச்-1பி-ல இருக்குறவங்க கவனிங்க: ஐ-797 காகிதம் புதுசா இருக்கு, ஸ்டாம்ப் மட்டும் காலாவதின்னா இந்தப் பயணம் வேண்டாம். கனடா, மெக்சிகோவுக்குப் போய் 30 நாளுக்குள்ள திரும்புறதுக்கு இருக்குற சலுகை கோஸ்டாரிகாவுக்குக் கிடையாது. ஸ்டாம்ப் புதுப்பிக்காம அமெரிக்காவுக்குத் திரும்ப முடியாது. ரெண்டு பேர் ஸ்டாம்பையும் பாருங்க, ஒருத்தரோடது மட்டும் இல்ல. திரும்பி வர்ற டிக்கெட்டையும் கையில வெச்சுக்கங்க, கேப்பாங்க. தென் அமெரிக்கா வழியா சுத்திட்டு வர்றதா இருந்தா மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேக்கலாம். ஊசி போட்டு பத்து நாள் கழிச்சுத்தான் அது செல்லும்.

சாப்பாடு. அங்க "சோடா"ன்னு போர்டு பார்த்தா அது கூல்ட்ரிங்ஸ் கடை இல்ல, நம்ம ஊர் மெஸ். சோறு, கருப்பு பீன்ஸ், சாலட், வறுத்த வாழைப்பழம் எல்லாம் ஒரே தட்டுல வரும், பேரு கசாடோ. கல்யாணம் ஆனவர்னு அர்த்தம், உங்களுக்குப் பொருத்தமான சாப்பாடு. பில்லுல 13 சதவீத வரி, 10 சதவீத சர்வீஸ் சேர்ந்தே வரும், அமெரிக்கப் பழக்கத்துல மேல இருபது சதவீதம் வைக்க வேண்டியதில்ல. சைவக்காரங்க "சின் கார்னே"ன்னு மட்டும் சொல்லி நிறுத்தாதீங்க. கார்னேன்னா அவங்களுக்கு மாட்டிறைச்சி மாதிரி சிவப்பு இறைச்சிதான், அதை எடுத்துட்டுக் கோழி வெச்சுக் குடுப்பாங்க. "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காடோ." கறி, கோழி, மீன் மூணும் வேண்டாம். சொல்லிட்டு, பீன்ஸ்ல பன்றிக்கொழுப்பு போட்டிருக்காங்களான்னும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.