ஜீப்பின் வயதைச் சொல்லும் பானெட்

மஹிந்திரா தயாரித்த பழைய ஜீப்பை வாங்கி, அதை அமெரிக்கப் போர்க்கால ஜீப்பான 1943-ஆம் ஆண்டு வில்லிஸ் போல மாற்றித் தரும்படி பட்டறையில் விடுகிறவர்கள் இந்தியாவில் நிறையப் பேர். ஹரியானாவில், பஞ்சாப் எல்லையை ஒட்டியிருக்கும் மண்டி டப்வாலி என்ற ஊருக்கு ஜீப்புகளைப் பிரித்துக் கோத்துத் தருவதில் நாடு முழுக்கப் பெயர் உண்டு. இந்த உலகத்துக்குள் நுழைகிறவர் காதில் முதலில் விழுவது இரண்டு சொற்கள்: லோ பானெட், ஹை பானெட். போர்க்கால வில்லிஸும் அதையடுத்து வந்த ஓரிரு மாடல்களும் லோ பானெட். 1953-இல் வந்த சி.ஜே.-3பி ஹை பானெட். நம் நாட்டில் ஜீப் என்றதும் மூத்த தலைமுறைக்கு நினைவில் வருவது இந்த இரண்டாவது வண்டிதான். ஆனால் ஆசைப்படுகிறவர்கள் கேட்பதெல்லாம் முதலாவதை.

வெளியே நின்று பார்த்தால் இது தகட்டை வெட்டி வேறு தகட்டை வைக்கும் டிங்கரிங் வேலையாகத் தெரியும். அப்படி நினைத்துத்தான் பலர் இறங்குகிறார்கள். முன்முகத்தை மாற்றுவது எளிது என்பது உண்மை. பானெட்டைத் தாழ்த்துவதுதான் வேலை.

முகத்திலிருந்தே தொடங்கலாம். 1940-இல் அமெரிக்க ராணுவம் எடை குறைந்த நான்கு சக்கர இயக்க வண்டி ஒன்றைக் கேட்டபோது முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது பாண்டம் என்ற சிறிய நிறுவனம். பிறகு வில்லிஸும் ஃபோர்டும் போட்டிக்கு வந்தன. 60 குதிரைத்திறன் கொண்ட ‘கோ டெவில்’ இன்ஜினின் பலத்தில் வில்லிஸ் வென்றது. அதே வரைபடங்களை வைத்து ஃபோர்டும் தயாரித்தது. போர் முடிவதற்குள் இருவரும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்துவிட்டார்கள். முதலில் வந்த வில்லிஸ் வண்டிகளின் கிரில், இரும்புப் பட்டைகளை ஒவ்வொன்றாக வெல்டிங் வைத்துச் செய்தது. ஒரே தகட்டை அச்சில் அழுத்தி ஒன்பது செங்குத்துத் துளைகளோடு எடுக்கும் முறை ஃபோர்டு கொண்டுவந்தது. எடையும் செலவும் குறைந்ததால் 1942-இல் வில்லிஸும் அதையே ஏற்றுக்கொண்டது. உலகம் இன்று ஜீப்பின் முகமாக நினைவில் வைத்திருப்பது இப்படிச் சிக்கனத்துக்காகப் பிறந்த ஒரு தகடு.

அந்த ஒன்பது துளைகளுக்கு இருபுறமும், தகட்டுக்குப் பின்னால் உள்ளடங்கி, சிறிய ஹெட்லைட்டுகள் இருக்கும். அவை கீலில் தொங்குபவை. பானெட்டைத் தூக்கிவிட்டு விளக்கைப் பின்புறம் திருப்பினால் இரவில் இன்ஜின் மீது வெளிச்சம் விழும். ராணுவ மெக்கானிக்கை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு அது. 1945-இல் பொதுமக்களுக்கான சி.ஜே.-2ஏ வந்தபோது ஹெட்லைட் பெரிதாகி வெளியே துருத்தியது. இடம் குறைந்ததில் துளைகள் ஏழாயின. பின்னால் இருந்த ஸ்டெப்னி பக்கவாட்டுக்குப் போய், அந்த இடத்தில் இறக்கி ஏற்றும் பின்கதவு வந்தது. போர்க்கால வண்டியில் ஓட்டுநர் இருக்கையைத் தூக்கித்தான் பெட்ரோல் ஊற்ற வேண்டும். சி.ஜே.-யில் மூடி வெளியே வந்துவிட்டது. 1949-இல் வந்த சி.ஜே.-3ஏ-யில் இரண்டு துண்டாக இருந்த முன்கண்ணாடி ஒன்றானது. எல்லா மாற்றத்துக்கும் ஒரு காரணம் இருந்தது: விவசாயிக்குச் சுமை ஏற்ற வேண்டும், இரவில் சாலை தெரிய வேண்டும். பழைய தோற்றத்துக்குத் திரும்புகிறவர் இந்த வசதிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்கிறார்.

இதுவரை சொன்னவை எல்லாம் பட்டறையில் செய்யக்கூடியவை. ஒன்பது துளை கிரில் கிடைக்கும். அதோடு விளக்கையும் உள்ளே தள்ளலாம், பின்கதவை மூடித் தகடு வைக்கலாம். முழு பாடியே வேண்டுமென்றால், போர்க்கால அளவுகளில் புதிதாகச் செய்து தரும் எம்.டி. ஹுவான் என்ற நிறுவனம் பிலிப்பைன்ஸில் இருக்கிறது. ஆனால் தாழ்ந்த பானெட்டும் அதோடு சேர்ந்த குட்டையான கிரிலும் வைக்கப்போகும்போது கீழே இருக்கும் இன்ஜின் இடிக்கும்.

கோ டெவிலில் உள்வாங்கும் வால்வும் வெளியேற்றும் வால்வும் இரண்டுமே சிலிண்டர் பிளாக்கின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். மேலே இருக்கும் ஹெட் வெறும் தட்டையான மூடி. அதனால் இன்ஜின் குட்டை, பானெட்டும் தாழ்வு. திறனைக் கூட்ட நினைத்த வில்லிஸ், உள்வாங்கும் வால்வை மட்டும் மேலே ஹெட்டுக்கு ஏற்றியது. அதுதான் ‘ஹரிக்கேன்’. கொள்ளளவு மாறவில்லை, அதே 2,199 சி.சி. காற்று தாராளமாக உள்ளே போனதால் திறன் 70 குதிரைத்திறனைத் தாண்டியது. ஆனால் ஹெட்டுக்கு மேலே ராக்கர், அதற்கு மேல் டேப்பட் கவர், பக்கத்தில் இருந்த கார்புரேட்டரும் இப்போது உச்சியில். சி.ஜே.-3ஏ-யின் பானெட்டுக்குள் இது அடங்கவில்லை. வில்லிஸ் பொறியாளர்கள் வேறு வழி தேடாமல் கிரிலையும் பானெட்டையும் அப்படியே உயர்த்திவிட்டார்கள். பானெட் உயர்ந்ததால் முன்கண்ணாடி குட்டையானது. சி.ஜே.-3பி-யின் தூக்கிய நெற்றிக்கும் குறுகிய கண்ணாடிக்கும் காரணம் இவ்வளவுதான். அமெரிக்காவில் இந்த மாடல் 1968 வரை வந்தது. மஹிந்திராவும், ஜப்பானில் மிட்சுபிஷியும் உரிமம் பெற்று அதற்குப் பிறகும் நெடுங்காலம் இதே உருவத்தைக் காப்பாற்றின. மிட்சுபிஷி 1998 வரை விடவில்லை.

ஆக, பானெட்டைத் தாழ்த்த வேண்டுமானால் இன்ஜினுக்கு ஒரு வழி செய்தாக வேண்டும். நேர்மையான வழி, பழைய கோ டெவிலையே தேடிப் பிடித்து வைப்பது. இரண்டு இன்ஜினும் ஒரே குடும்பம் என்பதால் கியர்பாக்ஸோடு சேர்வதில் பெரிய போராட்டம் இல்லை. இன்ஜின் கிடைப்பதும், கிடைத்ததற்கு உதிரி பாகம் கிடைப்பதும்தான் போராட்டம். இன்னொரு வழி, இருக்கும் இன்ஜினை மவுண்ட்டிங் மாற்றிக் கீழே இறக்குவது. இதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஜீப்பின் முன் ஆக்சில் ஒரே இரும்புத் தண்டாகச் சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்குவது. பள்ளத்தில் விழும்போது ஆக்சில் மேலே வரும். இன்ஜினை இறக்கிவிட்டால் அதன் ஆயில் சம்ப்புக்கும் ஆக்சிலுக்கும் இடையே இருந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது. பட்டறை வாசலில் நிற்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். மலைப்பாதையில் முதல் பெரிய குழியில் சம்ப் இடி வாங்கும். இன்ஜின் சாயும் கோணம் மாறுவதால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் ஜாயின்ட்டுகளும் சீக்கிரம் தேயும். மூன்றாவதாக, பாடியைச் சேசிஸிலிருந்து கட்டைகள் கொடுத்துத் தூக்குகிறவர்களும் உண்டு. அதனால் பானெட் தாழ்வாகத் தெரியும், ஆனால் வண்டி மொத்தமும் உயர்ந்து போர்க்கால ஜீப்பின் உட்கார்ந்த தோற்றமே போய்விடும்.

டீசல் ஜீப்புகளில் சிக்கல் இன்னும் கூடுகிறது. 1980களில் வந்த மஹிந்திரா எம்.எம்.540-இல் இருப்பது பியூஜோ உரிமத்தில் செய்த 2,112 சி.சி. டீசல் இன்ஜின். அதன் உயரத்தையாவது எப்படியாவது சமாளித்துவிடலாம், சேசிஸ் நீளத்தைச் சமாளிக்க முடியாது. வில்லிஸில் முன் பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம் 80 அங்குலம். எம்.எம்.540-இல் 91. முன்முகம் எவ்வளவு கச்சிதமாக அமைந்தாலும், பக்கவாட்டில் பார்க்கும்போது கதவு வெட்டுக்கும் பின் மட்கார்டுக்கும் நடுவே அந்த 11 அங்குலம் தெரிந்துவிடும். அதை ஒளிக்கச் சேசிஸை வெட்டிக் குறைத்து வெல்டிங் வைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து இதைச் செய்ய வேண்டாம். சேசிஸ் வண்டியின் முதுகெலும்பு. முறுக்கும் விசையெல்லாம் அதில்தான் இறங்குகிறது. அளந்து போட்டதாகத் தெரியும் வெல்டிங் ஒன்று கொண்டை ஊசி வளைவில் விட்டுப்போனால் தப்பிக்க இடமில்லை.

ஜீப்பின் அடையாளம் எதில் இருக்கிறது என்ற கேள்வி நீதிமன்ற வாசல் வரைக்கும் போயிருக்கிறது. மஹிந்திரா அமெரிக்காவில் ராக்ஸர் என்ற பண்ணை வண்டியை விற்கத் தொடங்கியதும், ஜீப் பெயரைக் கையில் வைத்திருந்த ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் அங்குள்ள சர்வதேச வர்த்தக ஆணையத்தில் புகார் செய்தது. தட்டையான செங்குத்துப் பக்கங்கள், முன்னோக்கிக் குறுகும் தட்டை பானெட், கிரிலைத் தாண்டி நீளும் மட்கார்டுகள், செங்குத்துத் துளைகளும் வட்ட விளக்குகளும் கொண்ட முகம், வெளியே தெரியும் பானெட் கொக்கிகள், கதவுக்கான வெட்டு ஆகியவை சேர்ந்ததே ஜீப்பின் தோற்றம் என்பது அதன் வாதம். 2020-இல் ஆணையம் ஃபியட் கிரைஸ்லர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மஹிந்திரா முகத்தை மாற்றிய பிறகே ராக்ஸருக்கு வழி கிடைத்தது. தோற்றத்தை மாற்ற நினைப்பவருக்கு இந்தப் பட்டியல் நல்ல கையேடு. இதில் பாதிக்கு மேல் மஹிந்திரா ஜீப்பில் ஏற்கெனவே இருக்கிறது. தொட வேண்டியது சிலதைத்தான்.

சின்னச் சின்னச் சாமான்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 6.00-16 அளவில் ராணுவப் பட்டன் டயர், பின்னால் ஜெர்ரி கேன், இடப்பக்கம் மண்வெட்டியும் கோடரியும், கண்ணாடியை மடக்கிச் சாய்க்க பானெட்டின் மேல் இரண்டு மரக்கட்டைகள். இவை கழற்றி மாட்டக்கூடியவை, யாருக்கும் தொந்தரவில்லை.

வண்ணத்தில்தான் முதல் சட்டச் சிக்கல். போர்க்கால ஜீப் என்றால் ஆலிவ் பச்சை. ஆனால் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-ஆவது விதி, பாதுகாப்புத் துறையின் வண்டிகளைத் தவிர வேறெதற்கும் அந்த வண்ணம் பூசக்கூடாது என்கிறது. பழைய தோற்றத்தின் உயிரே அந்த வண்ணம் என்பதால் ஆசைக்காரர்களுக்கு இது பெரிய வருத்தம். விதியின் காரணம் எனக்கு நியாயமாகவே படுகிறது: ராணுவ வண்டி போலத் தெரிவது எங்கே வேண்டுமானாலும் நுழைந்துவிடக் கூடாது. வேறு நிறம் பூசினாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

அதைவிடப் பெரியது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. ஆர்.சி.-யில் இருக்கும் விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. சேசிஸை வெட்டுவதும் பாடியை மாற்றுவதும் இதில் நேராக மாட்டும். இன்ஜின் மாற்றினால் ஆர்.சி.-யில் இருக்கும் இன்ஜின் எண்ணோடு பொருந்தாது. இதையெல்லாம் சொல்லாமல் இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் விபத்து நேரத்தில் நிறுவனம் கைவிரிக்க இடமிருக்கிறது.

இந்த விஷயத்தில் பலர் கவனிக்காத ஒன்று, 2021-இல் வந்த பாரம்பரிய வாகன விதிகள். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, வணிகப் பயன்பாட்டில் இல்லாத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளை விண்டேஜ் வாகனமாகப் பதிந்துகொள்ளலாம். ‘வி.ஏ.’ எழுத்துகள் கொண்ட தனி எண் தகடு கிடைக்கும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். அன்றாடம் ஓட்ட முடியாது, கண்காட்சிக்கும் ராலிக்கும் எடுத்துப் போகலாம். நிபந்தனை ஒன்று உண்டு: சேசிஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் இல்லாமல் வண்டி அசல் உருவத்தில் இருக்க வேண்டும். அதாவது 1970-இல் பதிவான ஒரு மஹிந்திரா சி.ஜே.-3பி, தூக்கிய நெற்றியும் ஏழு துளையுமாக அப்படியே இருந்தால் இன்றைக்கு அரசு ஏற்கும் விண்டேஜ். அதையே செலவு செய்து 1943 வில்லிஸாக்கினால் இரண்டு பக்கமும் இல்லை. வில்லிஸ் என்று யாரும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை, சி.ஜே.-3பி என்ற தகுதியும் போய்விடும்.

ஹை பானெட் அழகில்லை என்று பலரும் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். போர்க்கால வில்லிஸ் அமெரிக்காவின் போரிலிருந்து வந்தது. 1940களின் இறுதியில் பம்பாய் மஸகானில் ஜீப் கோக்கத் தொடங்கிய மஹிந்திரா, படிப்படியாகப் பாகங்களை இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டது இந்த ஹை பானெட் வண்டியில்தான். இன்றும் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளும், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குக் கல்பாதையில் ஏறும் ஜீப்புகளும் அந்தத் தொழிலின் தொடர்ச்சி. அந்த உயர்ந்த பானெட்டுக்குள் இருப்பது நம் தொழிற்சாலைகளின் வரலாறு. நல்ல நிலையில் இருக்கும் 3பி ஒன்றை வெட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு மனது வலிக்கிறது.

இருந்தாலும் பழைய முகத்தின் மீது ஆசை தப்பில்லை. பாடி முழுக்கத் துருப்பிடித்து எப்படியும் புதுத் தகடு போட வேண்டிய வண்டி, சாலைக்கு வராமல் தோட்டத்துக்குள்ளேயே ஓடும் வண்டி இவற்றில் செய்து பார்க்கலாம். அப்போதும் போல்ட்டில் கழற்றக்கூடிய மாற்றமாக இருக்கட்டும். கழற்றிய கிரிலையும் பானெட்டையும் கண்ணாடி ஃபிரேமையும் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல் ஆயில் தடவிக் கட்டி வையுங்கள். பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து, மாற்றிய பாகத்தின் பில்லோடு சேர்த்து ஒரு கோப்பில் போடுங்கள். சேசிஸ் எண் இருக்கும் இடத்தில் கிரைண்டர் படவே கூடாது. வில்லிஸ் பெயர் பொறித்த புதுத் தகடுகளைச் சந்தையில் வாங்கி டாஷ்போர்டில் ஆணியடிப்பதும் வேண்டாம். நாளைக்கு வண்டியை விற்கும்போது அந்தக் கோப்பை வாங்குகிறவர் கையில் கொடுத்து, இது எந்த ஆண்டின் எந்த மாடல், எதெல்லாம் மாறியிருக்கிறது என்று சொல்லிவிட்டு விலை பேசுங்கள்.