ஏரி ஆயம்

லால்பேட்டையிலிருந்து சேத்தியாத்தோப்புக்கு வீராணம் ஏரிக் கரைமேல் போனால் இடப்பக்கம் தண்ணீர், வலப்பக்கம் பள்ளத்தில் வயல். பராந்தக சோழன் காலத்தில் அவன் மகன் இராசாதித்தன் வெட்டுவித்தது என்பார்கள். வீரநாராயணன் என்பது பராந்தகனின் பட்டப்பெயர். அதுதான் தேய்ந்து வீராணம் ஆயிற்று. உத்திரமேரூரில் ஏரி வாரியம் பற்றிப் பேசும் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளும் அவன் ஆட்சியைச் சேர்ந்தவையே. அன்று ஏரி ஆயம் என்றொரு வரி இருந்தது. ஏரிப்பட்டி என ஒதுக்கிய நிலத்தின் விளைச்சல் வண்டல் எடுக்கவும் கரை கட்டவும் போனது. ஏரியில் பிறந்த காசு ஏரிக்கே திரும்பியது.

வெள்ளைக்காரன் நிலவரிக்குள் தண்ணீரையும் சேர்த்துக் கட்டிவிட்டான். புஞ்சைக்கு ஒரு தீர்வை, நஞ்சைக்கு அதற்கு மேல், இரண்டாம் போகத்துக்குப் பசலி ஜாஸ்தி. எங்கள் தாத்தாவின் தகரப் பெட்டியில் கிஸ்தி ரசீதுகள் இருந்தன. பழுப்பேறி, மடித்த இடமெல்லாம் கிழிந்து. பணம் கஜானாவுக்குப் போயிற்று, ஊரார் கூடி ஏரியைப் பராமரித்த குடிமராமத்து நலிந்தது. ஆனாலும் அந்த ஜாஸ்தியில் ஒரு கணக்கு இருந்தது: கூடுதலாகப் பாய்ச்சினால் கூடுதலாகக் கட்டு.

1984இல் சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் வந்தது, சில ஆண்டுகளில் எல்லாருக்கும். அதைக் குறை சொன்னால் ஊரில் எனக்குச் சோறு கிடைக்காது, சொல்லவும் மாட்டேன். ஆனால் மோட்டாருக்கு ஜாஸ்தி கிடையாது. இறைக்க இறைக்க, கடலூர்க் கடலோரத்தில் நிலத்தடி நீரில் உப்பேறியிருக்கிறது.

ஆலைகளுக்கு 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு தண்ணீர் வரி இருந்தது. கிலோ லிட்டருக்குச் சில பைசா. நச்சுக் கழிவாக்கினால் அதிகம், சுத்திகரித்து விட்டால் கால்பங்கு தள்ளுபடி. வளர்ச்சிக்கும் வழிவிட்டு ஆற்றுக்கும் இரங்கிய ஏற்பாடு அது. விகிதம்தான் யாரையும் உறுத்தாத அளவு. அதை உயர்த்தியிருக்கலாம், 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது எடுத்தே விட்டார்கள். சிப்காட் ஆலைகளை வைத்திருக்கும் கடலூருக்கு அது நஷ்டம் என்பது என் கட்சி.

ஏரித் தண்ணீரைச் சென்னைக்குக் கொண்டுபோகும் பழைய வீராணம் திட்டத்துக்காகச் செய்த ராட்சதக் குழாய்கள் பல ஆண்டுகள் சாலையோரம் கிடந்தன. உள்ளே குடும்பங்கள் அடுப்பு மூட்டின. 2004இல் புதுக்குழாய் வந்து, சேத்தியாத்தோப்பிலிருந்து சென்னைக்கு நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் வரை போகும்படி ஆயிற்று. அங்கே வீட்டின் ஆண்டு மதிப்பில் 7 சதவீதம் குடிநீர், கழிவுநீர் வரி. மாம்பலத்தில் இருக்கும் அத்தை மகன் ரசீதைக் காட்டினான்.

"இதுல ஏரி ஆயம் எவ்வளவுடா?"

"அப்படின்னா?" என்றான்.