எவரும் தனியே மரிக்கலாகாது

கல்வாரியில் சிலுவையில் தொங்கிய கள்வன், தன் இறுதி வேளையில் தன்னை நினைவுகூருமாறு ஆண்டவரை மன்றாடினான். அவனது தண்டனை நீக்கப்படவில்லை. ஆயினும் அவன் தனியே மரிக்கவில்லை. சிறைக்கூடங்களில் தீராத நோயுற்று மரணத்தை எதிர்நோக்குவோருக்கும் அத்தகைய துணை கிடைக்கின்றதா?

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 'அங்கோலா' எனப்படும் சிறைச்சாலை உண்டு. 18,000 ஏக்கர் பரப்புடைய அவ்விடம், ஒரு காலத்தில் ஆபிரிக்க அடிமைகள் உழைத்த தோட்டமாகும். அம்மாநிலத்தில் ஆயுள் தண்டனை பெற்றோரிற் பெரும்பாலானோருக்கு விடுதலைக்கு வழியில்லை. ஆதலால் பலர் அங்கேயே முதுமையடைந்து மரிக்கின்றனர். உடலைப் பொறுப்பேற்க உறவினர் இல்லாதோர் சிறையின் சேமக்காலையிலேயே அடக்கம் செய்யப்படுகின்றனர்.

1998 ஆம் ஆண்டு அங்கே மரணத்தறுவாயில் உள்ளோருக்கான பராமரிப்புப் பணி ஆரம்பிக்கப்பட்டது. நோயைக் குணப்படுத்த இயலாத நிலையில், வலியைத் தணித்து அமைதியான முடிவுக்குத் துணைநிற்பதே இதன் நோக்கம். வைத்தியரும் தாதியரும் சிகிச்சையளிக்க, பயிற்சி பெற்ற சக கைதிகளே நோயாளரைக் குளிப்பாட்டுகின்றனர், உணவூட்டுகின்றனர், இறுதி நாட்களில் இரவு பகலாக முறைவைத்து அருகிருக்கின்றனர். சவப்பெட்டிகளையும் கைதிகளே செய்கின்றனர். 2018 இல் மறைந்த போதகர் பில்லி கிரகாம் அடக்கம் செய்யப்பட்டதும் அவர்கள் செய்த எளிய மரப்பெட்டியிலேதான்.

பிறர் உயிரைப் பறித்தவருக்கு இத்தகைய கனிவு எதற்கு எனச் சிலர் வினவலாம். அது நியாயமற்ற வினாவன்று. அன்புக்குரியோரை இழந்தவர்களின் கண்ணீரை மறக்கும் இரக்கம் முழுமையானதன்று. எனினும் நீதிமன்றம் பறித்தது சுதந்திரத்தையே. தணிக்கக்கூடிய வலியை அது தண்டனையாக விதிக்கவில்லை. சமூகத்திற் கிடைக்கும் அதே தரத்திலான மருத்துவப் பராமரிப்பு கைதிகளுக்கும் உரியதென, 2015 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட 'நெல்சன் மண்டேலா விதிகள்' கூறுகின்றன.

திருச்சபைக்கு இது புதியதன்று. தொன் பொஸ்கோவின் ஆன்ம வழிகாட்டியான புனித ஜோசப் கஃபாசோ, 19 ஆம் நூற்றாண்டில் தூரின் நகரில் மரணதண்டனைக் கைதிகள் பலருடன் தூக்குமேடை வரை நடந்து சென்றார். கைதிகளின் பாதுகாவலராக அவரைத் திருச்சபை போற்றுகின்றது.

அன்பார்ந்தவர்களே, நாம் மாலைதோறும் குடும்பமாகச் செபமாலை சொல்லும்போது, நம் மரண வேளைக்காக அன்னையின் பரிந்துரையை வேண்டுகின்றோம். அம்மன்றாட்டை நமக்கென மட்டும் வைத்துக்கொள்ளாது, சிறைக்கட்டிலில் இறுதி மூச்சை எதிர்நோக்கும் சகோதரரையும், அவரருகே விழித்திருப்போரையும் அதில் இணைத்துக்கொள்வோமாக.